ஆங்கிலப் பாடம்: அம்மா மரத்தை ‘கட்’ பண்ணுகிறாரா?



இந்தத் தடவை பாடம் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களைப் பற்றியது. ‘கட்’, ‘ஃபால்’, ‘சே’, ‘லுக்’, ‘பெயின்’, ‘ஸ்டாப்’, ‘குட்’. எல்லாம் ஒன்றாம் ஆண்டிலேயே படிச்ச சொற்கள்தான். ஐந்தாம் படிவத்துக்கு வந்த பிறகும் நம்ம கட்டுரைகளை இதே சொற்கள்தான் சுமக்கின்றன. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் தேடி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேடுகிற வேலையிலேயே பாதிப் பாடம் முடிஞ்சிடும்.

முதலில் ஒரு வாக்கியம். ‘மை மதர் கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்.’

ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கம் உள்ள தோட்டப் பிள்ளைகள் ‘என் குடும்பம்’ என்ற கட்டுரையில் இப்படி எழுதுவது ரொம்ப இயல்பு. அம்மா பால்மரம் வெட்டுகிறார், வெட்டு என்றால் ‘கட்’, அவ்வளவுதான். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருமைக்கு உரிய ‘ஸ்’ கூடச் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் தோட்டத்தையே பார்க்காத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? அம்மா விடியற்காலையில் கோடாரியைத் தூக்கிக்கொண்டு போய் மரங்களைச் சாய்த்துவிட்டு வருகிறார் என்று நினைப்பார். மரத்தைச் சாய்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபெல்’ என்றே தனியாக ஒரு வினை இருக்கிறது. அம்மா செய்வது ‘டேப்’. பீப்பாயிலிருந்தோ குழாயிலிருந்தோ திரவத்தை வடியவிடுவதற்கு உள்ள சொல் அது. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் அதே பெயர்தானே. மரத்தின் உயிருள்ள உள்பாகத்தைத் தொடாமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, பாலை வடியவிடுகிறார். நம்ம ஆளுங்க ‘மரம் சீவுறது’ என்றும் சொல்கிறார்கள் அல்லவா, அந்தச் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மலாய்க்காரர்களும் சாதாரணமாக ‘போத்தோங்’ என்று சொல்லாமல் ‘தோரே’ என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

அதே கட்டுரையில் அடுத்த வரி ‘ஷி கலெக்ட்ஸ் தி மில்க்’ என்று வந்தால் கதை இன்னும் குழம்பும். மரத்துப் பால் ‘லேட்டெக்ஸ்’. கோப்பையிலேயே உறைந்து கட்டியான கட்டிப்பால் ‘கப் லம்ப்’. வெட்டுக்காயத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் ‘ஸ்கிராப்’. ஆபீஸ் கிராணியின் கணக்கிலும் இவை தனித்தனியாகத்தான் ஏறும், ஏனென்றால் விலை வேறு.

செம்பனைக்கு வந்தால் ‘கட்’ இன்னும் திண்டாடுகிறது. பழக் குலையை வெட்டி இறக்குவது ‘ஹார்வெஸ்ட்’. மட்டையைக் கழிப்பது ‘ப்ரூன்’. மட்டைக்கே ‘லீஃப்’ என்று எழுதக் கூடாது. தென்னை, பனை வகை ஓலைக்கு ‘ஃப்ராண்ட்’ என்று பெயர். தமிழிலும் நாம் தென்னை இலை என்றோ கரும்பு இலை என்றோ சொல்வதில்லை. ஓலை, தோகை என்கிறோம். புல்லையும் புதரையும் வீசி அடிப்பது ‘ஸ்லாஷ்’. கீழே சிதறிக் கிடக்கும் உதிரிப்பழம் ‘லூஸ் ஃப்ரூட்’. குட்டை மரத்தில் குலையைத் தள்ளி வெட்டும் உளி ‘சிசல்’, உயர மரத்துக்குக் கம்பில் கட்டிய அரிவாள் ‘சிக்கிள்’. அப்பா ‘ஹார்வெஸ்டர்’ என்று எழுதுகிற பிள்ளையும் ‘மை ஃபாதர் கட்ஸ் ஃப்ரூட்ஸ்’ என்று எழுதுகிற பிள்ளையும் ஒரே வேலையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாவது வரியைப் படிக்கிறவர் மார்க்கெட்டில் பப்பாளி நறுக்கி விற்கும் ஒருவரைத்தான் கற்பனை செய்துகொள்வார்.

அடுப்படிக்குப் போனாலும் இதே கதைதான். வெங்காயத்தை நறுக்கினால் ‘சாப்’, வட்ட வட்டமாக அரிந்தால் ‘ஸ்லைஸ்’, பொடிப் பொடியாக்கினால் ‘மின்ஸ்’, தேங்காயைத் துருவினால் ‘கிரேட்’, பச்சை மிளகாயைக் கீறினால் ‘ஸ்லிட்’, தோலை உரித்தால் ‘பீல்’. அம்மா சமையல் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு தடவைகூட ‘மிளகாயை வெட்டு’ என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். கீறு என்பார்.

கவனிச்சீங்களா? நம்மிடம் நுணுக்கமான சொல் இல்லாமல் இல்லை. வீட்டுத் தமிழில் நிறையவே இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும் வழியில்தான் அதைப் பொதுச் சொல்லாக மழுக்கிவிடுகிறோம். கீறு, சீவு, நறுக்கு, கழி எல்லாம் மனதுக்குள் ‘வெட்டு’ ஆகி, ‘வெட்டு’ அப்படியே ‘கட்’ ஆகிவிடுகிறது. ‘ஆங்கிலம் வரணும்னா தமிழில் நினைக்காதே’ என்று பல பேர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் இன்னும் கூர்மையாக நினைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

வினையெச்சத்தைப் பிடியுங்கள்

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ் வகுப்பில் வினையெச்சம் படித்திருப்பீர்கள். ‘ஓடி வந்தான்’ என்பதில் ‘ஓடி’ வினையெச்சம், ‘வந்தான்’ முற்று. தமிழில் ஒரு செயல் எப்படி நடந்தது என்பதைப் பெரும்பாலும் இந்த எச்சத்தில் வைப்போம், முற்று பொதுவான வினையாக இருக்கும். ஆங்கிலம் பல இடங்களில் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே வினைக்குள் திணித்துவிடும். ஆகவே தமிழ் எச்சத்தைப் பிடித்தால் ஆங்கில வினை கிடைக்கும்.

பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். எட்டிப் பார்த்தான் என்றால் ‘பீப்ட்’. முறைச்சுப் பார்த்தான், ‘க்ளேர்ட்’. வெறிச்சுப் பார்த்தான், ‘ஸ்டேர்ட்’. கண்ணைச் சுருக்கி உத்துப் பார்த்தான், ‘பியர்ட்’. ஒரு தடவை சட்டென்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான், ‘க்ளான்ஸ்ட்’. எல்லாவற்றையும் ‘லுக்ட்’ என்று எழுதினால் எட்டிப் பார்த்தவனும் முறைச்சவனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

சொல்வதிலும் அப்படியே. முணுமுணுத்துச் சொன்னால் ‘மட்டர்ட்’, கெஞ்சிச் சொன்னால் ‘ப்ளீடட்’, காதோடு சொன்னால் ‘விஸ்பர்ட்’, யோசிக்காமல் உளறிக் கொட்டினால் ‘ப்ளர்ட்டட் அவுட்’, விடாமல் நச்சரித்தால் ‘நேக்ட்’. ஆனால் ஒன்று. உரையாடல் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு புதுச் சொல் தேட வேண்டாம். ‘ஹி செட், ஷி செட்’ என்று போவதில் தப்பே இல்லை. பேசியவர் பேசிய விதம் முக்கியமான இடத்தில் மட்டும் மாற்றினால் போதும்.

விழுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம், ஏனென்றால் இங்கே மதிப்பெண்ணோடு விஷயம் முடிவதில்லை. வழுக்கி விழுந்தார், ‘ஸ்லிப்ட்’. தடுக்கி விழுந்தார், ‘ட்ரிப்ட்’. மயங்கி விழுந்தார், ‘ஃபெயின்டட்’ அல்லது ‘கொலாப்ஸ்ட்’. நிலை தடுமாறிக் கவிழ்ந்தார், ‘டாப்பில்ட்’. வேலை செய்த இடத்தில் பெரியப்பாவுக்கு அடிபட்டுவிட்டது, சொக்சோ பாரத்தில் எப்படி நடந்தது என்று எழுத வேண்டும் என்று வையுங்கள். வீட்டில் ‘இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளை’ என்று உங்களைத்தான் உட்கார வைப்பார்கள். ‘ஹி ஃபெல் டவுன்’ என்று எழுதினால், எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கினாரா, வேரில் கால் தடுக்கியதா, ரத்த அழுத்தத்தில் மயங்கினாரா என்பது எதுவும் தெரியாது. மூன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பு வேறு, அதிகாரி அடுத்துக் கேட்கப்போகும் கேள்வியும் வேறு. பெரியப்பா தமிழில் ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று தெளிவாகத்தான் சொன்னார். அந்த ‘வழுக்கி’ வழியில் தொலையாமல் பாரம் வரை போய்ச் சேர வேண்டும்.

வலிக்கு எத்தனை பெயர்

கிளினிக்கில் பாட்டிக்குத் துணையாகப் போகும் பேரப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி.

பாட்டி சொல்வது: ‘தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுய்யா, முட்டியில குடைச்சல், கால் மரத்துப் போவுது, அப்பப்ப சுருக்குன்னு குத்துது.’ பேரன் டாக்டரிடம் சொல்வது: ‘ஷி ஹேஸ் பெயின்.’ நான்கு தனித்தனிக் குறிகள் ஒரே சொல்லில் கரைந்துவிட்டன.

டாக்டர்களுக்கு வலியின் பெயர் உண்மையிலேயே வேண்டும். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைச் சேகரித்து வகைப்படுத்தி, 1975-இல் ஒரு வினாப் பட்டியலாக வெளியிட்டார். 78 சொற்கள், 20 குழுக்கள். மருத்துவ உலகம் அதை இன்றும் பயன்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் உள்ள பல சொற்களுக்கு நம்ம பாட்டிகளிடம் பதில் தயாராக இருக்கிறது. விண்ணு விண்ணென்று தெறிப்பது ‘த்ராபிங்’. உள்ளுக்குள் அரிப்பது போன்ற குடைச்சல் ‘நாயிங்’. குத்தல் ‘ஸ்டாபிங்’. சுருக்கென்று வருவது ‘ஷார்ப்’. எரிச்சல் ‘பர்னிங்’. மந்தமாக நாள் முழுக்க இருக்கும் வலி ‘டல் எய்க்’. தசைப் பிடிப்பு ‘கிராம்ப்’. அதோடு, மரத்துப் போவது ‘நம்ப்’, எறும்பு ஊறுவது மாதிரி இருப்பது ‘டிங்க்லிங்’. சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலைப் பற்றி டாக்டர் கேட்கும்போது இந்த இரண்டு சொற்களையும் மறக்காதீர்கள்.

நெஞ்சு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாரடைப்பு வந்தவர்களில் நிறையப் பேர் அதை ‘வலி’ என்றே சொல்வதில்லை. ‘பாரமா அழுத்துது’, ‘இறுக்கிப் பிடிக்குது’ என்பார்கள். அது ‘ப்ரெஷர்’, ‘டைட்னஸ்’. வலி இல்லையாம் என்று நீங்களாக மொழிபெயர்த்துவிடாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

மயக்கம் என்ற சொல் நம்மை ஏமாற்றும். தமிழில் அது மூன்று நான்கு வேலை பார்க்கிறது. தலை சுற்றுவது ‘டிஸ்ஸி’. நினைவு தப்பிச் சில நொடிகள் விழுந்து எழுந்தால் ‘ஃபெயின்டட்’. எழுப்பியும் எழாவிட்டால் ‘அன்கான்ஷியஸ்’. மருந்து குடித்துத் தூக்கம் தூக்கமாக வந்தால் ‘ட்ரௌசி’. ‘மயக்கமா இருக்கு’ என்று பாட்டி சொன்னால், டாக்டரிடம் வாய் திறப்பதற்கு முன் பாட்டியிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். இங்கே ஆங்கிலம்தான் தமிழைவிடக் கூர்மை.

(மருந்தை ‘ஈட்’ பண்ண வேண்டாம். மலாயில் ‘மாக்கான் ஊபாட்’ சரி. ஆங்கிலத்தில் ‘டேக்’.)

வேலையை விட்டதும் வேலை போனதும்

‘ஐ ஸ்டாப்ட் வொர்க்.’ தோட்டத்து ஆங்கிலத்தில் சர்வசாதாரணமான வாக்கியம். ‘வேலையை விட்டு நின்னுட்டேன்’ என்பதன் நேர் வடிவம். இந்த ஒரு ‘ஸ்டாப்’ எவ்வளவு பணத்தைத் தின்னும் என்று பார்ப்போம்.

தானாக விலகினால் ‘ரிசைன்’. வயதாகி ஓய்வு பெற்றால் ‘ரிடையர்’. தவறு செய்ததாகச் சொல்லி நீக்கினால் ‘டிஸ்மிஸ்’. வேலை இல்லை, ஆள் தேவையில்லை என்று முதலாளி அனுப்பினால் ‘ரிட்ரென்ச்’. ‘டெர்மினேட்’ என்பது வேலை ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது என்று மட்டும் சொல்லும் பொதுச் சொல்.

1955 வேலைச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த ஆட்குறைப்புச் சலுகை விதிமுறைகள் ஒன்று இருக்கிறது. அதற்குள் வரும் தொழிலாளி குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இது குறைந்தபட்சக் கணக்கு. 22 ஆண்டு ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு, 22-ஐ 20-ஆல் பெருக்கினால் 440 நாள் சம்பளம். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஒழுங்குமீறலுக்காக முறைப்படி விசாரித்து நீக்கப்பட்டவருக்கும் இல்லை.

இப்போது யோசியுங்கள். தோட்டம் கைமாறி வீட்டுமனையாகிறது. நீலாய், சிரம்பான் பக்கம் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஆபீசில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அதில் இருப்பது ‘ரிசைன்’ ஆ, ‘ரிட்ரென்ச்’ ஆ? மலாய்த் தாள் என்றால் ‘பெர்ஹெந்தி’ ஆ, ‘டிபெர்ஹெந்திகான்’ ஆ? முன்னது தானாக நிற்பது, பின்னது நிறுத்தப்படுவது. ஒரு முன்னொட்டும் பின்னொட்டும்தான் வித்தியாசம். விதிமுறையில் விலக்குகளும் உண்டு, ஆகவே கையெழுத்துக்கு முன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே போய் முதல் வரியில் ‘ஐ ஸ்டாப்ட் வொர்க்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஐ வாஸ் ரிட்ரென்ச்ட்’ என்று ஆரம்பியுங்கள், அது உண்மையாக இருந்தால்.

வீட்டைப் பற்றிய கடிதத்திலும் அப்படித்தான். காலி செய்வது ‘வேகேட்’, வெளியேற்றப்படுவது ‘பி எவிக்டட்’, வேறு இடத்தில் குடியமர்த்தப்படுவது ‘பி ரீஹவுஸ்ட்’. ‘வீ வில் வேகேட்’ என்று எழுதினால் நாமே போகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சோறு, சாதம், அன்னம்

ஒரே பொருள் தரும் சொற்கள் என்கிறோமே, முழுக்க ஒரே பொருள் தருபவை ரொம்பக் குறைவு. வீட்டில் சாப்பிடுவது சோறு. விருந்தில் சாதம். கோயிலில் போடுவது அன்னதானம், சோற்றுதானம் என்று யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை. குழாயில் வருவது தண்ணி, கோயிலில் குருக்கள் கையில் ஊற்றுவது தீர்த்தம். ஆங்கிலத்துக்கும் இப்படி அடுக்குகள் உண்டு. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மேலே வந்து உட்கார்ந்தன, லத்தீன் சொற்களும் பின்னாலேயே வந்தன. ‘ஆஸ்க்’ வீட்டுச் சொல், ‘இன்க்வையர்’ அலுவலகச் சொல், ‘இன்டராகேட்’ போலீஸ் நிலையச் சொல். நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்து ‘தே இன்டராகேட்டட் மீ’ என்று சொன்னால் நண்பன் ஜாமீன் எடுக்கக் கிளம்பிவிடுவான்.

சில சொற்களுக்குள் சொல்பவரின் மனப்பான்மையே ஒளிந்திருக்கும். சிக்கனக்காரர் ‘த்ரிஃப்ட்டி’, கஞ்சன் ‘ஸ்டிஞ்சி’. செலவு செய்யாதது இரண்டு பேரும்தான். ஒல்லியாக அழகாக இருந்தால் ‘ஸ்லிம்’, எலும்பும் தோலுமாக இருந்தால் ‘ஸ்கின்னி’. ‘கூலி’ என்ற ஆங்கிலச் சொல் நம்ம கூலியிலிருந்து போனது என்று பலர் சொல்கிறார்கள். உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறித்த சொல், காலனிக் காலத்தில் ஆளைக் குறிக்கும் இழிசொல்லாக மாறிவிட்டது. தாத்தாவைப் பற்றி எழுதும்போது ‘எஸ்டேட் வொர்க்கர்’, ‘ரப்பர் டேப்பர்’ என்று எழுதுங்கள். லயத்தைப் பழைய ஆங்கிலத் தாள்கள் ‘கூலி லைன்ஸ்’ என்றன. நீங்கள் ‘வொர்க்கர்ஸ் குவார்ட்டர்ஸ்’ என்று எழுதலாம்.

கோயில் காரியமாகக் கடிதம் எழுதுகிற கிளைச் செயலாளர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலவரை ‘ஐடல்’ என்று எழுதுவதைவிட ‘டெய்ட்டி’ நல்லது, முன்னதில் வெளியாளின் ஏளனம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கும்பாபிஷேகம் ‘ஓப்பனிங் செரிமனி’ ஆகாது, ‘கான்சிக்ரேஷன்’. தேர் ஊர்வலம் ‘ப்ரொசெஷன்’. அதை ‘ரேலி’ என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு அரசியல் கூட்டம்தான் கண்ணில் வரும்.

பம்பாஸ்டிக்

நம்ம நாட்டுப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ‘எஸ்ஸேல பம்பாஸ்டிக் வேர்ட்ஸ் போடு, மார்க் கிடைக்கும்’ என்பார்கள். பட்டியல் வைத்து மனப்பாடம் நடக்கும். ‘ப்ளெத்தோரா’, ‘மிரியட்’, ‘அமீலியரேட்’. இங்கே ஒரு வேடிக்கை. ‘பம்பாஸ்டிக்’ என்பது ஆங்கிலத்தில் பாராட்டே இல்லை. ‘பம்பாஸ்ட்’ என்றால் முற்காலத்தில் சட்டைக்குள் அடைக்கும் பஞ்சு. உள்ளே சரக்கில்லாமல் உப்பி நிற்கும் பேச்சுக்குப் பின்னால் அந்தப் பெயர் வந்தது. ‘பம்பாஸ்டிக்கா எழுது’ என்றால் பஞ்சடைத்து எழுது என்று அர்த்தம்!

2021 முதல் வந்த எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத் தாளில் கடைசிப் பகுதி 200 முதல் 250 சொற்கள் வரைதான். அதற்குள் பஞ்சடைக்க இடமே இல்லை. ‘ஏ ப்ளெத்தோரா ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ என்று எழுதினால் தேவைக்கு மேல் நண்பர்கள் குவிந்து தொல்லை தருகிறார்கள் என்ற வாடை வரும். நீளமான சொல்லைத் தேடாதீர்கள், பொருந்துகிற சொல்லைத் தேடுங்கள். ‘டேப்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ரப்பர் தோட்டத்தில் செய்கிற வேலையை ‘அமீலியரேட்’ எந்தக் காலத்திலும் செய்யாது.

இணைச்சொல் தேட ‘தெசாரஸ்’ பார்ப்பீர்கள். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் லண்டனில் 1852-இல் வெளியிட்டது பெயர்பெற்றது. நம்மிடம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திவாகரம், பிங்கலம் என்று நிகண்டுகள் இருந்தன என்பதையும் சொல்லி வைக்கிறேன். எந்தத் தெசாரஸும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் காட்டும், இரட்டைப் பிள்ளைகளைக் காட்டாது. அதில் கண்ட சொல்லை உடனே கட்டுரையில் ஒட்டாதீர்கள். அகராதியைத் திறந்து, அந்தச் சொல் வந்த இரண்டு மூன்று வாக்கியங்களைப் படியுங்கள். அது எந்தச் சொல்லோடு கூட்டுச் சேர்கிறது என்று பாருங்கள். ‘ஸ்ட்ராங் டீ’ உண்டு, ‘பவர்ஃபுல் டீ’ இல்லை. ‘ஹெவி ரெயின்’ உண்டு, ‘ஸ்ட்ராங் ரெயின்’ இல்லை. காற்று மட்டும் ‘ஸ்ட்ராங் விண்ட்’. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நாமும் கடும் மழை, கடும் வெயில் என்கிறோம், கடும் நிழல் என்பதில்லை.

‘வெரி’ பற்றிச் சுருக்கமாக. ‘வெரி டயர்ட்’ என்பதற்கு ‘எக்ஸாஸ்டட்’, ‘வெரி ஆங்ரி’ என்பதற்கு ‘ஃப்யூரியஸ்’, ‘வெரி ஸ்மால்’ என்பதற்கு ‘டைனி’. இவற்றுக்கு முன்னால் மறுபடியும் ‘வெரி’ போடாதீர்கள். ‘குட்’, ‘நைஸ்’ இரண்டுக்கும் மாற்றுச் சொல் பட்டியல் கொடுக்கப் போவதில்லை. எந்த வகையில் நல்லது என்று உங்களையே கேளுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் பொறுமைசாலியா, கண்டிப்பானவரா, நகைச்சுவைக்காரரா? ‘பேஷன்ட்’, ‘ஸ்ட்ரிக்ட்’, ‘விட்டி’. பதில் கிடைத்தால் சொல் தானாக வரும். ‘அங்கிள்’ என்று எழுதும்போதும் மாமாவா, சித்தப்பாவா, கடைக்காரரா என்று ஒரு சொல் சேருங்கள். ஆங்கிலம் இங்கே ரொம்ப ஏழை.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘கட்’, ‘லுக்’, ‘ஃபால்’, ‘ஸ்டாப்’ நான்குக்கும் தடை.

1. தாத்தா பனியில் நனைந்த பாதையில் வழுக்கி விழுந்தார்.
2. அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.
3. அப்பா செம்பனை மட்டைகளை வெட்டினார்.
4. கங்காணி தம்பியை முறைச்சுப் பார்த்தார்.
5. தோட்டத்தை மூடியதால் அத்தைக்கு வேலை போய்விட்டது.
6. வெங்காயத்தை நறுக்கி, தேங்காயைத் துருவி, மிளகாயைக் கீறி வை.
7. மாட்டிக்கொண்ட தம்பி அசடு வழியச் சிரித்தான்.

விடைகளில் வர வேண்டிய வினைகள்: முதலாவது ‘ஸ்லிப்ட்’. இரண்டாவது ‘பீப்ட்’. மூன்றாவது ‘ப்ரூன்ட்’, மட்டைக்கு ‘ஃப்ராண்ட்ஸ்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு சபாஷ். நான்காவது ‘க்ளேர்ட் அட்’, அந்த ‘அட்’ விட்டுப் போகக் கூடாது. ஐந்தாவது ‘வாஸ் ரிட்ரென்ச்ட்’. ஆறாவது ‘சாப்’, ‘கிரேட்’, ‘ஸ்லிட்’. ஏழாவதற்கு ‘லாஃப்ட்’ போதாது, ‘ஸ்மைல்ட்’ என்றாலும் அசடு வழியவில்லை. ‘க்ரின்ட் ஷீப்பிஷ்லி’ என்று எழுதிப் பாருங்கள். அசட்டுச் சிரிப்புக்கு ஆங்கிலக்காரர் ஆட்டைத்தான் துணைக்கு அழைக்கிறார்.